மதினியிடம் கேட்காதது

மதினி,

நேற்று மத்தியானம் என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். சாரல் பிடித்துவிட்டதால் ரத வீதி முழுக்க வெளியூர்க் கூட்டம். குற்றாலத்துக்கு வந்தவர்கள் ஊர் திரும்பும் முன்னால் ஒரு தூக்குவாளியோ குத்துவிளக்கோ வாங்கிப் போகலாம் என்று நம் பாத்திரக் கடையில் ஏறி இறங்குவார்கள். அப்படி ஏறிய ஒரு குடும்பத்தில் அந்த அம்மாள் பைக்குள்ளிருந்து விரல் நீளத்துக்கு ஒரு குப்பியை எடுத்தாள். பச்சை நிறத்தில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, இரண்டு பொட்டிலும் தேய்த்துக்கொண்டாள். நீங்கள் எப்போதும் தேய்த்துக்கொள்ளும் அதே மலாயாத் தைலம். அந்த வாசனை கடை முழுக்க ஏறி, புது வெண்கலத்தின் வாடையையும் ஈரச் சாக்கின் வாடையையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது.

"மலாயாவில இருந்தா வாறீய?" என்று கேட்டேன்.

"ஈப்போ."

"தலவலியா?"

"அலைச்சல்" என்றாள். அதற்கு மேல் பேச அவளுக்குத் தெம்பில்லை. எனக்கும் இல்லை.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று அண்ணன் எழுதிய நீலக் காகிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. அவனுக்கு நாலு வரி ஆறுதல் எழுதிப் போட்டேன். அதை எழுதும்போதே தெரிந்தது, நான் எழுத வேண்டியது அவனுக்கு இல்லை என்று. உங்களுக்குத்தான். உயிரோடு இருந்தபோது எழுதியிருக்கலாம். எத்தனையோ முறை உட்கார்ந்தேன். "நலம், நலமறிய அவா" என்பதற்குக் கீழே பேனா நகரவில்லை.

எங்கிருந்து தொடங்க? நீங்கள் இங்கே வந்து இறங்குவதற்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும். அதுதான் உங்களுக்குத் தெரியாமல் நடந்தது.

எனக்குக் கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷம் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத வைத்தியர் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவருடைய சித்தி வரும்போதெல்லாம் தொட்டில் கட்டும் உத்தரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அப்பாவும் அம்மாவும் சண்டைக் காலத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். இருந்த ஒரே உறவு அண்ணன். அவன் பதினெட்டு வயதில் கப்பலேறி, உங்கள் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராகி, உங்களைக் கட்டி, மூன்று பிள்ளைகள் பெற்று அங்கேயே இருந்தான். அவனுக்கு ஒரு நாள் எழுதினேன்: "உனக்கு மூணு இருக்கு. ஒண்ணை எனக்குத் தாயேன். வசந்தாவைத் தா. கண்ணுக்குள்ள வச்சு வளப்பேன்."

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "குடும்பத்தோடு வருகிறேன். வசந்தா விஷயம் எனக்குச் சம்மதம். உன் மதினியிடம் நேரம் பார்த்து நான் சொல்லிக்கொள்கிறேன். நீ எதுவும் எழுதாதே."

நான் எழுதவில்லை. அந்தக் கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தேன். ஒவ்வொரு நாளும் அரிசி அளக்கும்போது விரலில் தட்டுப்படும். சந்தோஷமாக இருந்தது மதினி. உண்மையைச் சொல்லத்தானே எழுதுகிறேன், அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஐம்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம் நீங்கள் ஐந்து பேரும் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினீர்கள். கப்பலில் ஒரு வாரம், நாகப்பட்டினத்திலிருந்து ரயில் மாறி ரயில் மாறி இரண்டு நாள். சின்னவன்கள் இரண்டு பேரும் வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தார்கள். அண்ணன் மட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டு, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன மலையைப் பார்த்துப் பிளாட்பாரத்தில் நின்று அழுதான். நீங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்தேன்.

"என்ன மதினி, மயக்கம் வருதா?"

"இல்ல செல்லம். தரை இன்னும் ஆடுது" என்று சிரித்தீர்கள்.

அந்தத் தரை கடைசி வரை உங்களுக்கு நிற்கவேயில்லை. அண்ணனுக்கு ஊர் பார்த்துத் தீரவில்லை. முதல் நாளே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விசுவநாதர் கோயிலுக்குப் போனான். அங்கே தோட்டத்தில் வைத்து எவ்வளவு பெரிய கோபுரம் என்று சொல்லி வைத்திருந்தானோ, பெரிய பையன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பா, மேல் பாதி எங்க?" என்று கேட்டான். நம் மொட்டைக் கோபுரத்துக்கு அவன் என்ன பதில் சொல்வான்? "இடி விழுந்துட்டு. அதுக்கென்ன, காத்தப் பாரு" என்றான். வாசலில் அடிக்கிற மலைக்காற்றில் உங்கள் முந்தானை தலைக்கு மேல் போயிற்று. அதைப் பிடிப்பீர்களா, பிள்ளைகளைப் பிடிப்பீர்களா?

அப்புறம் சொந்தக்காரர் வீடுகள். வீரகேரளம்புதூரில் பெரியப்பா வீடு, பண்பொழியில் மாமா வீடு, போனதோடு போனதாகத் திருமலைக் கோயில் மலையும். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தனை படியும் ஏறினீர்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீட்டில் காப்பி. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் உங்களைச் சுற்றி உட்கார்ந்து ரவிக்கைக் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். "அங்கன உள்ள தமிழாளுவ சோறுதான் திங்காவளா?" "பாம்பத் திங்காவளாமே, நெசமா?" நீங்கள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். ஒரு நாள் அடுப்படியில் என் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து சொன்னீர்கள்:

"நாட்டப் பாக்கலாம்னு கூட்டிட்டு வந்தார் உங்க அண்ணன். நாடுதான் எங்களப் பாக்குது."

நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு, "இந்த வீட்டுலதான் செல்லம் எனக்குன்னு ஒருத்தி சோறு போட்டுத் தரா. எங்க அம்மா போனதுக்கப்புறம் யாரும் போட்டதில்ல" என்றீர்கள். நான் எழுந்து அரிசி எடுக்கப் போனேன். பானைக்குள் கையை விட்டால் அண்ணன் கடிதம் தட்டுப்பட்டது. அன்றைக்கு முதல் தடவையாக அது முள் மாதிரி இருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

வசந்தா என் பின்னாலேயே சுற்றினாள். ஒன்பது வயது. அவள் என்னோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் எதுதான் செய்யவில்லை? பட்டுப் பாவாடை, மருதாணி, உத்தரத்தில் ஊஞ்சல். என் வீட்டுக்காரர் கடையிலிருந்து பித்தளையில் செப்புச் சாமான் ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்தார். நீங்கள் அவள் விளையாடுவதைப் பார்த்து, "இவ பொறந்ததுல இருந்து இப்படி ஒரு சீராட்டு கண்டதில்ல" என்றீர்கள். அது விரித்து வைத்த வலை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

குற்றாலத்தில் மூன்று நாள் தங்க ஒரு அறை எடுத்தோம். செங்கோட்டை இன்னும் நம் பக்கம் சேராத காலம். அந்தப் பக்கத்து ஆட்கள் தலைச்சுமையாகப் பழக்கூடை கொண்டு வந்து அருவிச் சாலையில் வைத்திருப்பார்கள். ஒரு கூடையைப் பார்த்து வசந்தா துள்ளினாள்.

"அம்மா! மங்கீஸ்! நம்ம ஊரு மங்கீஸ்!"

"மங்குஸ்தான்னு சொல்லணும்ட்டி" என்று நான் திருத்தினேன். நீங்கள் கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டீர்கள். வந்து இருபது நாளில் அப்போதுதான் உங்கள் முகம் இளகியது. உங்களுக்கும் ஒரு ஊர் இருக்கிறது, அது இதுவல்ல என்று எனக்கு அந்த நிமிஷம் உறைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் உங்களைப் பலகையில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தேன். உச்சியிலிருந்து முதுகு வரை சூடாக. "கண்ணு சொக்குது செல்லம், அப்படியே விழுந்துருவேன் போல" என்றீர்கள். "விழுங்க, புடிச்சுக்கிடுதேன்" என்றேன். அன்றைக்குத்தான் அண்ணன் உங்களிடம் சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் சாயங்காலமே என்னிடம் சொல்லியிருந்தான்.

அருவிக்குப் போகும் வழியில் நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் நான் வசந்தாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்தீர்கள். யாரையும் பார்க்காமல் நேராகத் தண்ணீருக்குள் போய் நின்றீர்கள். பக்கத்தில் நின்ற பெண்கள் குளித்துப் போய், அடுத்த கூட்டம் வந்து அதுவும் போய்விட்டது. நீங்கள் வெளியே வரவில்லை. தலையில் விழுகிற தண்ணீர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு பாறையில் கையை ஊன்றி நின்றீர்கள். வரும்போது உதடு நீலம் பூத்திருந்தது. துண்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றீர்கள்.

"தெரியும் மதினி."

"காலையில எண்ணெய் தேய்க்கும்போதும் தெரியுமா?"

"தெரியும்."

தலையை ஆட்டிவிட்டு முடியைப் பிழிந்தீர்கள். அவ்வளவுதான். அறைக்கு வந்ததும் அண்ணன் காரணங்களைச் சொன்னான். தோட்டத்தில் கலவரம், ஊரடங்கு, எந்த நேரம் என்ன நடக்கும் என்று தெரியாது. ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. தங்கச்சி வீட்டில் பிள்ளை ராணி மாதிரி இருப்பாள். எல்லாம் நல்ல காரணங்கள். பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் சொல்லிவிட்டு, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டான்.

"வாக்குக் குடுத்துட்டீங்கல்ல. அப்புறம் என்ன கேக்கிறீங்க?" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள்.

நீங்கள் சம்மதித்துவிட்டதாக நாங்கள் வைத்துக்கொண்டோம். அது சம்மதம் இல்லை மதினி, அசதி. ஒரு மாத அலைச்சலில் எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல் போன ஒரு மனுஷியின் மௌனம். எனக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று ஸ்டேஷனில் வசந்தா என்னைக் கேட்டாள். "எத்தன நாளைக்கு அத்தை?"

"அம்மா கப்பல்ல போயிட்டு இந்தா வந்திருவா" என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு பொய். நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். பிறகு குனிந்து அவள் கன்னத்தைத் துடைத்து, "வந்துருவேன்" என்றீர்கள். பிள்ளையைச் சமாதானப்படுத்த நீங்களும் என் பொய்யையே சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

வசந்தா அழவில்லை. பெருமையாக எல்லாரிடமும் அதைச் சொன்னேன். "ஒரு பொட்டுக் கண்ணீர் விடலியே, என் மேல அம்புட்டுப் பிரியம்." பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளை மலாய்க்காரி என்று கேலி செய்தார்கள். ஆறே மாதத்தில் அவள் பேச்சை மாற்றிக்கொண்டாள். வருதான், போறாவ, இங்கன, அங்கன என்று என்னைவிட நன்றாகப் பேசினாள். வைத்ததைச் சாப்பிட்டாள். சொன்னதைச் செய்தாள். அடம் இல்லை, எதிர்ப்பேச்சு இல்லை. அக்கம்பக்கத்தில், "உனக்கு வாச்ச பிள்ள மாதிரி யாருக்கும் வாய்க்காது" என்றார்கள்.

மாதம் ஒரு கடிதம் உங்களுக்கு எழுதுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவாள். ஒரு தடவை நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்த் திரும்புவதற்குள் அவளாக ஒரு வரி சேர்த்திருந்தாள். "அம்மா எனக்கு அங்கே வரணும்." நான் திட்டவில்லை. "அம்மா படிச்சா வருத்தப்படுவால்லா, வேற தாள்ல நல்லா எழுது கண்ணு" என்றேன். மறுபேச்சு இல்லாமல் வேறு தாளில் எழுதினாள். அந்த வரி இல்லாமல். பழைய தாளை அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு அவள் தானாக ஒரு வரியும் சேர்த்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து, அதே ஆனிச் சாரலில், நீங்கள் வந்தீர்கள். கடிதம் இல்லை, தந்தி இல்லை. காலையில் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. ஒரு டிரங்குப் பெட்டியோடு நீங்கள் மட்டும் இறங்கினீர்கள். பையன்களைப் பக்கத்து லயத்து வரிசை வீட்டு அக்கா ஒருத்தியிடம் விட்டுவிட்டு, கப்பலில் மேல்தட்டில் தனியாக. இரண்டு வருஷத்தில் பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தீர்கள்.

"அண்ணன் வரலியா மதினி?"

"அவருக்கு நான் கெளம்பினது தெரியும். பிடிக்கல."

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வசந்தா வந்தாள். பையைத் தோளில் மாட்டியபடியே நிலைப்படியில் நின்று உங்களைப் பார்த்தாள். நீங்கள் எழுந்து நின்றீர்கள். கை பாதி நீண்டு நின்றது.

"வாங்க" என்றாள்.

வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் அப்படித்தான் மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று நான்தான் பழக்கியிருந்தேன். சொல்லிவிட்டுப் பையை ஆணியில் மாட்டப் போய்விட்டாள். நீங்கள் மெதுவாகக் கையை இறக்கிக்கொண்டு, "வந்தேன்" என்றீர்கள், அவள் இல்லாத நிலைப்படியைப் பார்த்து.

எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இதையும் மறைக்கவில்லை. பிள்ளை என் பக்கம் என்று நினைத்தேன்.

"ரொம்ப அசந்து வந்திருக்கேன் செல்லம், கொஞ்சம் தூங்கிக்கறேன்" என்று சொல்லி இரண்டு நாள் தூங்கினீர்கள். சாப்பிட மட்டும் எழுந்தீர்கள். என் வீட்டுக்காரர் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"ஏட்டி, பெத்தவ வந்து நிக்கா. என்ன சொல்லப் போற?"

"அவங்க கேக்கட்டும். அப்பம் சொல்லுதேன்."

"நீ அவங்களக் கேட்டியா?" என்றார். அதிர்ந்து பேசாத மனுஷர். அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

நீங்கள் கேட்கவேயில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். என்னோடு அரிசி புடைத்தீர்கள், துணி துவைத்தீர்கள். வசந்தாவை இழுத்து மடியில் வைத்துக் கொஞ்சவில்லை. அவள் படிக்கும்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவளுடைய கிழிந்த பாவாடையைத் தைப்பீர்கள். "வேண்டாம், அத்தை தச்சுத் தருவாவ" என்பாள். "சரிம்மா" என்று கீழே வைத்துவிடுவீர்கள். அவள் தூங்கின பிறகு எடுத்துத் தைப்பீர்கள். இதற்குள் அண்ணனிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் வேண்டாம் என்றும் கேளாமல் கிளம்பி வந்துவிட்டாள், நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பு என்று. அதை உங்களிடம் காட்டலாமா என்று நினைத்து, காட்டாமல் வைத்திருந்தேன்.

அப்புறம் அந்த மழை நாள். மத்தியானத்திலிருந்து சாரல் அடை மழையாக மாறியது. வசந்தா குடை கொண்டு போகவில்லை. நான் கைவேலையாக இருந்தேன். நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனீர்கள். அங்கே என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. வாசலில் நின்று உங்கள் பேச்சில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் அதே மாதிரி இழுத்துச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். வசந்தா குடைக்குள் வராமல் நனைந்துகொண்டே முன்னால் ஓடி வந்தாள். நீங்கள் பின்னால் வந்தீர்கள். முற்றத்தில் அவள் திரும்பி நின்றாள்.

"நீ எதுக்கு அங்கன வந்த? யாரு உன்ன வரச் சொன்னா?"

அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்தேன்.

"வந்துருவேன்னு சொன்னேல்லா? டேசன்ல வச்சுச் சொன்னேல்லா? எம்புட்டு நாளு எண்ணுனேன் தெரியுமா? தம்பிகள மட்டும் கூட்டிட்டுப் போன! நான் என்ன செஞ்சேன் உன்ன?"

பையை உங்கள் மேல் வீசினாள். ஓடி வந்து இரண்டு கையாலும் உங்கள் வயிற்றில் குத்தினாள். நீங்கள் தடுக்கவில்லை. மழையில் நின்றபடியே, "ஆமா. லேட்டாயிருச்சு. அம்மாவுக்கு லேட்டாயிருச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். குத்திக் குத்தி ஓய்ந்து அவள் அந்த வயிற்றிலேயே முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தென்காசிப் பேச்செல்லாம் போய், எனக்குப் புரியாத உங்கள் ஊர் வார்த்தைகளெல்லாம் அந்த அழுகையில் வந்தன. அதெல்லாம் மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

கரண்டி கையில் அப்படியே இருந்தது. இரண்டு வருஷம். என்னிடம் ஒரு நாள் கோபப்பட்டதில்லை, ஒரு நாள் அடம் பிடித்ததில்லை. அதைப் பிரியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு அலைந்தேன். ஒரு பிள்ளை தன் வீட்டில்தான் அப்படிக் கத்தும். என் வீட்டில் அவள் இரண்டு வருஷம் விருந்தாளியாக இருந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் பரணிலிருந்து அவளுடைய பெட்டியை நானே இறக்கினேன். பாவாடைகளை மடித்து வைத்தேன். செப்புச் சாமான்களை வைக்கும்போது என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தார். பார்த்தார். சட்டையைக் கழற்றாமல் மறுபடி வெளியே போய்விட்டார்.

நீங்கள் வந்து நின்றீர்கள். அடுப்பில் போட்ட அந்தத் தாளைப் பற்றி உங்களிடம் சொன்னேன். உங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி அண்ணன் எழுதிய கடிதத்தையும் கையில் கொடுத்தேன். நீங்கள் படித்துவிட்டுக் கீழே உட்கார்ந்தீர்கள்.

"ஒவ்வொரு கடுதாசியிலயும் அவ எழுத்து இருந்துச்சு செல்லம். அவ இல்ல. அதான் வந்தேன்."

"நான் செஞ்சது பாவம் மதினி."

"பிள்ளை வேணும்னு நெனச்சது தப்பில்ல. என்கிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா தந்திருப்பீங்களா?"

"தந்திருக்க மாட்டேன்" என்றீர்கள். அண்ணன் கடிதத்தை நாலாக மடித்தபடி, "ஆனா கேட்டிருக்கணும்" என்றீர்கள்.

அண்ணனுக்கு அன்றே எழுதினேன். வசந்தாவை நான்தான் அனுப்புகிறேன், மதினியை ஒரு வார்த்தை சொன்னாயானால் உனக்குத் தங்கச்சி இல்லை என்று நினைத்துக்கொள் என்று. நான் வாழ்க்கையில் எழுதியவற்றில் அந்த ஒன்றைப் பற்றித்தான் எனக்கு வெட்கம் இல்லை.

வசந்தா கிளம்புகிற அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுடைய மாமாவை, என் வீட்டுக்காரரை, ஸ்டேஷனில் தேடினாள். அவர் தண்ணீர்க் கூஜா நிரப்பப் போகிறேன் என்று போனவர், வண்டி நகரும்வரை குழாயடியை விட்டு வரவில்லை. நான் விருதுநகர் வரை உங்களோடு வந்தேன். வண்டி மாறும்போது பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். அது ஒரு சாக்குத்தான்.

அதற்குப் பிறகு நாம் பார்த்துக்கொள்ளவில்லை. வசந்தா வளர்ந்தாள், படித்தாள், போன தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று போட்டோ வந்தது. அதில் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். மெலிந்திருந்தீர்கள். நோய் என்று யாரும் எழுதவில்லை. எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. யாரிடமும் நான் பிறகு கேட்கவும் இல்லை. காலையில் எழுந்து, சமைத்து, கடைக்குச் சோறு கொண்டு போய், திரும்பி வந்து, இப்படியே போகிறது. சில நாள் இந்த வீட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடப்பதே மலையேறுவது போல இருக்கிறது. உங்களுக்கு அந்த நாட்களில் எப்படி இருந்திருக்கும் என்று இந்த வயதில்தான் கொஞ்சம் தெரிகிறது.

அந்த ரயிலைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். கடையநல்லூர் தாண்டியதும் வசந்தா உங்கள் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டாள். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கண் சொருகியது. தலை இந்தப் பக்கம் சாய்ந்து என் தோளில் விழுந்தது. உங்களுக்குத் தெரிந்து சாய்ந்தீர்களா, தெரியாமல் சாய்ந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. சங்கரன்கோவில் போயிற்று, ராஜபாளையம் போயிற்று. காப்பிக்காரன் வந்து சத்தம் போட்டான், கையைக் காட்டி அவனை அனுப்பினேன். தோள் மரத்துவிட்டது. விரல் நுனி வரை உணர்ச்சி இல்லை. நான் அசையவில்லை. விருதுநகர் வரும்வரை உங்கள் பாரம் முழுவதும் என் மேல் இருந்தது மதினி. இன்றைக்கும் இருக்கிறது. இறக்கி வைக்க எனக்கு மனமில்லை.

உங்கள்
செல்லம்